பூட்டு உடைக்கப்படவில்லை: பனியன் ஊரில் தகவல் கசிவு

1

திருப்பூரில் வளர்ந்தவர்களுக்குக் கசிவு என்ற சொல் முதலில் சாயத்தண்ணீரைத்தான் நினைவுபடுத்தும். நொய்யல் ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடிய வருடங்களில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது ஊரில் நடந்த பேச்செல்லாம் ஆர்டர் போய்விடும், டாலர் போய்விடும் என்பதாகவே இருந்தது. கிணறு கெட்டுப்போனவர்கள் ஆற்றின் போக்கில் கீழே இருந்தார்கள். அவர்களுடைய பேச்சு மேலே ஏறி வர வருடக்கணக்கில் ஆனது.

இப்போது பனியன் கம்பெனிகளில் வேறொரு கசிவைப் பற்றிப் பேசுகிறார்கள். "போட்டோ லீக் ஆயிருச்சாம்." "அந்தப் புள்ளை போனை யாரோ ஹேக் பண்ணீட்டாங்களாம்." டீ நேரத்தில், வேனில், பெண்கள் கழிப்பறை வாசலில் இந்த இரண்டு சொற்களையும் கேட்கலாம். ஹேக் என்றால் எங்கேயோ இருக்கும் ஒரு கெட்டிக்காரன் செய்தது. லீக் என்றால் தானாக ஒழுகிப் போனது. முதல் சொல் குற்றவாளியைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டாவது சொல்லில் குற்றவாளியே இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டிலிருந்தும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

என் அம்மா பதினெட்டு வருடம் செக்கிங் வேலை பார்த்தவர். அவரோடு ஒரே மேசையில் நின்ற ஒரு அக்காவுக்கு நடந்ததை இங்கே சொல்கிறேன். அவருடைய பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. ஊரடங்கு முடிந்து வேலை தொடங்கிய சமயம், லைன் சூப்பர்வைசர் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தார். இன்றைக்கு ஒன்றரை ஷிப்டா, ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா, வேன் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில்தான் வரும். டைலர்கள், கைமடிப் பெண்கள், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். சேரட்டுமா வேண்டாமா என்று யாரையும் கேட்கவில்லை. வேலைக்குச் சேரும்போது ஆதார் ஜெராக்ஸோடு கொடுத்த எண்கள் அப்படியே உள்ளே போயின.

நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்கு, சேமித்து வைக்காத ஒரு எண்ணிலிருந்து "ஏனுங்க்கா, சாப்டீங்களா?" என்று அக்காவுக்கு வந்தது. பதில் போடவில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு அவருடைய முகப்புப் படம், மகளோடு அவிநாசிக் கோயிலில் நின்று எடுத்தது, இன்னொரு உடம்போடு ஒட்டி அவருக்கே வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் அதே படம் கட்டிங் பகுதி ஆண்களின் இன்னொரு குரூப்பில் இருந்தது.

வீட்டில் கணவர் கேட்டது: "உம்பட நம்பரை எவன்கிட்டக் குடுத்தே?" கம்பெனியில் மேனேஜர் சொன்னது: "யாரோ ஹேக் பண்ணியிருக்காங்கம்மா. சிம்மை மாத்தீருங்க, சரியாப் போயிரும்." அக்கா சிம்மை மாற்றினார், குரூப்பிலிருந்தும் வெளியே வந்தார். அதன் பிறகு ஓவர்டைம் எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. வேலை இல்லாத நாளில் வந்து நின்றார், வேலை இருந்த நாளில் வீட்டில் இருந்தார். "ரெகுலரா வர்றதில்லை" என்று பெயர் எழுதிவைத்தார்கள். மூன்றாம் மாதம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையில் யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. எண் குரூப்பில் இருந்தது. படம் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. முகத்தை ஒட்டுவதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை, இலவச ஆப் போதும். பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி அவரிடம் எப்போதும் இருந்ததில்லை என்பதைத்தான் நாம் ஹேக் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2

ஹேக்கர் என்றதும் நம் மனதில் வரும் உருவம் சினிமா கொடுத்தது. பி.எஸ். மித்ரன் இயக்கி 2018இல் வந்த 'இரும்புத்திரை'யைத் திருப்பூர்த் தியேட்டர்களிலும் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். தகவல் திருட்டைத் தமிழில் பெரிய அளவில் பேசிய படம் அது. கடன் வாங்க அலைபவனின் விவரங்கள் ஏஜென்ட்டுகள் வழியாக எப்படிக் கைமாறுகின்றன என்று காட்டிய விதத்தில் அது பொய் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுத்த ஆதார் நகல் அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பகுதி நன்றாகவே புரிந்தது.

ஆனால் கதை எதற்காகத் தொடங்குகிறது என்று பாருங்கள். தங்கையின் திருமணத்துக்குப் பணம் வேண்டும். அதற்காக நாயகன் கடன் வாங்குகிறான், பணம் கணக்கிலிருந்து காணாமல் போகிறது, அவன் ராணுவ அதிகாரி என்பதால் திருடனைத் தேடிப் போகிறான். கடைசியில் எல்லாம் தெரிந்த ஒரு வில்லனும் எதற்கும் அஞ்சாத ஒரு நாயகனும் மோதுகிறார்கள். தங்கை கதைக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். அவளுடைய போனில் என்ன இருக்கிறது, அவள் எண் யாரிடம் இருக்கிறது என்று படம் கேட்கவே இல்லை.

ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'லென்ஸ்' இன்னும் நேர்மையான படம். படுக்கையறைக் காட்சி இணையத்தில் வெளியானதால் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு பெண்ணின் கணவன், அப்படிப்பட்ட காட்சிகளைப் பார்த்து ரசிக்கும் ஒருவனைத் தன் மரணத்தைப் பார்க்க வைக்கிறான். குற்றம் பதிவு செய்தவனோடு முடிவதில்லை, பார்ப்பவனுக்கும் பங்கு உண்டு என்று சொன்னதற்காக அந்தப் படத்தை மதிக்கிறேன். ஆனாலும் அங்கேயும் பெண் செத்துப்போன பிறகுதான் கதை நகர்கிறது. கணக்குத் தீர்ப்பவர்கள் இரண்டு ஆண்கள். படம் வெளியான பிறகும் மறுநாள் காலை எட்டரை மணிக்கு வேலைக்குப் போய் நிற்க வேண்டிய ஒருத்தியைப் பற்றித் தமிழில் இன்னும் படம் வரவில்லை. என் அம்மாவின் தோழி அப்படி நின்றவர்.

3

ஹேக்கிங் என்பது கொள்ளை என்று மட்டும் நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு நல்ல வரலாறும் பெருமையான ஒரு அறமும் உண்டு. ஸ்டீவன் லெவி 1984இல் வெளியிட்ட 'ஹேக்கர்ஸ்' நூல் அந்த அறத்தை வகுத்துச் சொன்னது. கணினியை யாரும் தொட முடிய வேண்டும், எல்லாத் தகவலும் தடையின்றிக் கிடைக்க வேண்டும், அதிகாரத்தை நம்பக் கூடாது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரவெல்லாம் கண்விழித்து இயந்திரங்களோடு விளையாடிய மாணவர்களிடமிருந்து அவர் எடுத்த கொள்கைகள் இவை. இன்று நாம் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள்களில் பலவும் இந்த மனநிலையின் பிள்ளைகள்தான்.

அதே நூலில் ஒரு சிறு சம்பவம் வருகிறது. எம்.ஐ.டி.யில் வானிலை ஆய்வுக்காக நிரல் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வேலை ஒருநாள் திடீரென ஓடாமல் நின்றுபோனது. தேடிப் பார்த்தபோது, முந்தைய இரவுகளில் ஹேக்கர் மாணவர்கள் இயந்திரத்தின் அடிப்படைக் கருவியொன்றைத் தங்கள் வசதிக்கு மாற்றி வைத்தது தெரிந்தது. அவர்கள் கண்ணில் அது மேம்பாடு. அவருக்கு அன்றைய வேலை போனது. அந்தப் பெண் மார்கரெட் ஹாமில்டன், பிறகு நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்.

இந்தச் சம்பவத்தை வேடிக்கையாகவும் படித்துவிடலாம். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. இரவில் விளையாட நேரம் இருந்தவர்களுக்கும் பகலில் வேலையை முடித்தாக வேண்டியவருக்கும் இடையே "தகவல் சுதந்திரமானது" என்ற வாக்கியம் ஒரே பொருளைத் தரவில்லை. எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தவர்களுக்கு மூட வேண்டிய கதவு என்று ஒன்று வாழ்க்கையில் இருந்ததில்லை. பெண்களுக்கு அது இருந்தது, இருக்கிறது.

இந்தக் குருட்டுப் புள்ளி எங்கே கொண்டுபோய் விடும் என்று 2022 ஜனவரி 1 அன்று பார்த்தோம். நிரலாளர்கள் தங்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் 'புல்லி பாய்' என்ற செயலி தோன்றியது. பத்திரிகையாளர்கள், செயல்பாட்டாளர்கள் உட்பட இஸ்லாமியப் பெண்கள் பலரின் படங்களை ஏலத்துக்கு வைப்பதுபோல் அது காட்டியது. அதற்கு ஆறு மாதம் முன்பே 'சுல்லி டீல்ஸ்' வந்திருந்தது. கைதானவர்களில் கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள், பதினெட்டு வயதுப் பெண் ஒருவரும் இருந்தார். படங்கள் எல்லாம் அந்தப் பெண்களே பொதுவெளியில் போட்டவை. இங்கேயும் பூட்டு உடைக்கப்படவில்லை. பகிர்தலுக்காகக் கட்டிய மேடையைச் சந்தையாக்க ஒரு வார இறுதி நேரமும் ஒரு மதத்துப் பெண்கள் மீதான வெறுப்பும் போதுமானதாக இருந்தன.

லீக்ஸ் என்ற சொல்லின் பயணமும் இப்படித்தான். 2010இல் விக்கிலீக்ஸ் ஆப்கானிஸ்தான், ஈராக் போர் ஆவணங்களை வெளியிட்டபோது அந்தச் சொல் ஒரு வல்லரசு மறைத்ததை வெளியே கொண்டுவந்ததைக் குறித்தது. ஆவணங்களைக் கொடுத்த செல்சி மேனிங் ஏழு வருடம் சிறையில் இருந்தார். 2017 மார்ச்சில் தமிழில் 'சுசிலீக்ஸ்' என்றார்கள். ஒரு பாடகியின் ட்விட்டர் கணக்கில் திரைத்துறையினரின் அந்தரங்கப் படங்கள் வெளியாகின, கணக்கு ஹேக் செய்யப்பட்டதாகச் சொல்லப்பட்டது. திருப்பூரில் அந்த வாரம் பவர்டேபிள் பட்டறைகளில் போன்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. அரசின் கொலைகளை அம்பலப்படுத்துவதற்கும் ஒரு நடிகையின் உடலைப் பார்ப்பதற்கும் ஒரே சொல். இரண்டுமே "உண்மை வெளியே வந்தது" என்ற பாவனையைத் தருகின்றன. ஒன்றில் மேலே இருப்பவர்களின் ரகசியம் கீழே வருகிறது, இன்னொன்றில் ஒருத்தியின் அந்தரங்கம் எல்லோர் கைக்கும் போகிறது. சாயத்தண்ணீர் பார்த்த ஊர்க்காரர்களான நமக்குத் திசை முக்கியம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

4

பெண்களின் தகவலைக் கசியவிடுவதில் அரசு யாருக்கும் பின்தங்கியதில்லை. திருப்பூரிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது பொள்ளாச்சி. 2019இல் அந்தப் பாலியல் வழக்கு வெளியே வந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் துறை உயர் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றும் அரசாணையிலும் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பெண்கள் பலர் ஆறு வருடம் பின்வாங்காமல் நின்றதால் கிடைத்த தீர்ப்பு அது. முதல் நாளிலேயே பெயர் வெளியானதைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுக்காமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

ஐந்து வருடம் கழித்து, 2024 டிசம்பரில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவியின் முதல் தகவல் அறிக்கை அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு இணையத்தில் வெளியானது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மென்பொருளை மாற்றியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. டிசம்பர் 28 அன்று உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை எழுதப்பட்ட மொழியையும் கண்டித்தது. இந்தப் பெண்ணுக்கும் 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. இரண்டு அரசுகள், இரண்டு கட்சிகள், அதே தொகை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று பல வருடங்களாகச் சட்டம் இருக்கிறது. அதே விவரங்களை இணையத்தில் ஏற்றும் மென்பொருளில் அந்தச் சட்டத்துக்கு இடம் வைக்கவில்லை என்றால், அதைக் கோளாறு என்று சொல்லி முடித்துவிட முடியாது. அந்தத் திரையை வடிவமைத்தபோது இந்தப் பெண் யார் மனதிலும் இல்லை.

உண்மையான ஹேக் நடந்தபோதும் இதே நிலைதான். 2021 ஜூனில் தமிழ்நாட்டு ரேஷன் திட்டத்தில் இருந்த சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்களின் தளம் ஒன்றில் கிடப்பதாக இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று கண்டறிந்து சொன்னது. ஆதார் எண், கைபேசி எண், குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரு பெண்ணை மிரட்ட நினைப்பவனுக்கு அந்தக் கடைசி விவரம் எவ்வளவு உதவும் என்பதைக் கடன் ஆப்களிடம் மாட்டியவர்களைக் கேட்டால் தெரியும். ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்கு 'அலவ்' என்று அமுக்கியதும் தொடர்பு எண்கள் முழுவதும் ஆப்புக்குப் போனது. தவணை தவறினால் மாமனாருக்கும் தம்பிக்கும் ஒட்டவைத்த படம் போனது. 2022 செப்டம்பரில்தான் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்றது.

5

கசிவைக் கண்டு பயந்த ஊர் செய்தது என்ன? பெண்களின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு டச் போன்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்தப் பகுதி நூற்பாலை விடுதிகளில் அது வெறும் கேள்வியாக நிற்கவில்லை. நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் இந்திய நெதர்லாந்துக் குழுவும் 2014இல் வெளியிட்ட ஆய்வறிக்கை தமிழ்நாட்டு நூற்பாலைகளில் இளம் பெண்கள் விடுதிக்குள் அடைபட்டிருந்ததையும் கைபேசி வைத்துக்கொள்ள முடியாததையும் பதிவு செய்திருக்கிறது. பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். பெற்றோரும் அதை நம்பி அனுப்பினார்கள்.

யாருடைய பாதுகாப்பு? போன் இல்லாத பெண்ணால் சூப்பர்வைசரின் பேச்சைப் பதிவு செய்ய முடியாது. சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்ப முடியாது. ராத்திரி வேலை வாங்கியதை வெளியே சொல்ல முடியாது. போன் தடை அவளுடைய படம் வெளியே போவதைத் தடுத்ததோ இல்லையோ, கம்பெனியின் விவகாரம் வெளியே போவதை நன்றாகவே தடுத்தது.

வெளியே போனால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அங்கே வேலை பார்த்த பெண்கள் ஆலைக்குள் நடந்த தொல்லைகளை வெளியே சொல்லத் தொடங்கினார்கள். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அவர்களோடு நின்றது. துணி வாங்கிய எச் அண்ட் எம் வரை விஷயம் போனது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் பாலியல் தொல்லைக்கு எதிராக அந்த ஆலைகளில் அமலாக்கக்கூடிய விதிகளைக் கொண்டுவந்தது. இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். கொல்லப்பட்ட பெண்ணின் பெயரைக் குடும்பமும் சங்கமும் தாமே முடிவெடுத்துப் போராட்டத்தில் ஏந்தினார்கள். கம்பெனியின் கோணத்தில் பார்த்தால் நடந்தது தகவல் கசிவு. பெண்கள் உயிரோடு வேலை பார்க்க வழி செய்ததும் அதுதான்.

6

சமூக ஊடகத்தில் நடப்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று அரசுக்குத் தெரியாது என்பதை நான் நம்பவில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. திருப்பூர் ரயில் நிலையத்தில் ஊருக்குப் போகும் கூட்டம் சேர்ந்தது. அப்போதைய காவல் துறைத் தலைவர் சைலேந்திரபாபு உடனே வீடியோவில் தோன்றி மறுத்தார். ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்கள் தங்களுக்குள் மோதியது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று விளக்கினார். இந்தியில் அறிவிப்புகள் வந்தன. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து பார்த்தது. வழக்குகள் பாய்ந்தன. யூடியூபர் ஒருவர் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க்கூடக் காவலில் வைக்கப்பட்டார். அந்த உத்தரவை நவம்பரில் மதுரைக் கிளை ரத்து செய்யும் அளவுக்கு வேகம் இருந்தது.

வதந்தியை நிறுத்தியது சரியான செயல். அந்தத் தொழிலாளர்களின் பயம் உண்மையானது. அதே செய்திகளில் தொழிலாளி என்றால் ஆண் மட்டும்தான், விடுதிகளில் இருந்த ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் எப்படிப் பயந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஆள் இல்லாமல் மெஷின் நின்றுபோகும் என்ற நிலை வந்தபோது சில நாட்களில் எல்லாம் நடந்தன.

இதையும் 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டவைத்த படங்கள் ஃபேஸ்புக்கில் வந்ததாக ஒரு இளம்பெண்ணின் குடும்பம் புகார் கொடுத்தது. நடவடிக்கைக்காகக் காத்திருந்த நாட்களில் இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டார். விசாரிக்கக் காவலர் ஒருவர் செல்போனை லஞ்சமாக வாங்கினார் என்று தந்தை சொன்னார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். 2016க்கும் 2023க்கும் இடையே தொழில்நுட்பம் மாறியிருக்கலாம். ஏற்றுமதிக்கு வந்த நெருக்கடிக்கும் ஒருத்தியின் நெருக்கடிக்கும் இருந்த மதிப்பு வித்தியாசம்தான் இதில் பெரியது.

7

சட்டம் இதைச் சரிசெய்யும் என்று எதிர்பார்த்தோம். 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் 7ஆம் பிரிவு, ஒப்புதல் இல்லாமலேயே தகவலைக் கையாளக்கூடிய சந்தர்ப்பங்களைப் பட்டியலிடுகிறது. வேலைவாய்ப்பு தொடர்பான தேவைகளும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதும் அதில் அடக்கம். தொழில் ரகசியங்களைப் பாதுகாப்பதும் உதாரணமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த அக்காவின் எண்ணைக் கேட்காமலேயே குரூப்பில் போட்டதற்கு நாளை இந்தப் பிரிவைக் காட்டலாம். கம்பெனியின் ரகசியத்தைக் காக்க அவருடைய அந்தரங்கத்தைத் திறக்கலாம் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

தகவலைக் கசியவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அது அரசின் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பெற வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வகை செய்கிறது. இன்னொரு பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் விவரம் என்று சொல்லி அதிகாரிகள் பதிலை மறுப்பதை எளிதாக்குகிறது. கீழே இருப்பவர் மேலே பார்க்க முடியாது, மேலே இருப்பவர் கீழே பார்க்கலாம்.

சாயத்தண்ணீர் விஷயத்தில் சட்டம் இதைவிட முன்னே போயிருக்கிறது. கழிவை விட்டவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை 1996இல் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. பிறகு நொய்யல் விவசாயிகளும் அந்தக் கொள்கையைச் சொல்லி இழப்பீடு கேட்டார்கள். கிணற்றை மூடி வைத்திருக்க வேண்டியதுதானே என்று எந்த நீதிபதியும் விவசாயியைக் கேட்கவில்லை. பெண்களிடம் மட்டும் எண்ணை ஏன் கொடுத்தாய், படத்தை ஏன் வைத்தாய் என்று கேட்கிறோம்.

செய்ய வேண்டியவை பெரிய தொழில்நுட்பம் எதையும் கேட்கவில்லை. ஓவர்டைம் அறிவிப்புக்குக் குரூப் தேவையில்லை. ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாதபடி அனுப்ப வாட்ஸப்பிலேயே வழி இருக்கிறது, கேட் பக்கத்தில் ஒரு கரும்பலகையும் போதும். கம்பெனி கொடுத்த பட்டியலிலிருந்து எண்ணை எடுத்து இரவில் அனுப்பும் செய்தி, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகக் குழுவின் விசாரணைக்கு வர வேண்டிய விஷயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். புகார் சொன்னவர் குரூப்பிலிருந்து விலகினால், வேலை நேரத்தை அவருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. திண்டுக்கல்லில் நடந்ததுபோல் பெண்கள் தங்களுக்குள் ஒருவரைக் கண்காணிப்பாளராக வைத்துக்கொண்டால் இவற்றைக் கேட்டு வாங்க முடியும். அதற்குப் போன் வேண்டும், அது அவரவர் கையிலேயே இருக்க வேண்டும்.

அந்த அக்கா இப்போது பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். அங்கேயும் குரூப் உண்டு. சேரும்போதே தன் எண்ணைக் கொடுக்கவில்லை, என் அம்மாவின் எண்ணைக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் அம்மா குரூப்பைப் பார்த்துவிட்டு அவருக்கு அழைத்து, நாளைக்கு ஒன்றரை ஷிப்டா இல்லையா என்று சொல்கிறார். வேலையை விட்டு ஆறு வருடம் ஆன என் அம்மாவுக்கு, முன்பின் தெரியாத எண்களிலிருந்து இப்போது ராத்திரியில் செய்திகள் வருகின்றன.